பட்டாளக் காணித் தண்ணீர்

அந்தக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தவுடன் முதலில் ஒன்றும் தெரியாது. விழுங்கிய பிறகுதான் நாக்கின் இரண்டு ஓரங்களிலும் ஒரு கரிப்பு எழும்பி வரும். அதன் பின்னால் மெல்லிய கசப்பொன்று தொண்டைவரை இறங்கி, அடுத்த வேளைச் சோறு தின்னும்வரை அங்கேயே குந்திக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காது, பருப்பு இலேசில் அவியாது, தலை முழுகினால் மயிர் சிக்கிக் கயிறாகிவிடும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை "உவர்த் தண்ணி" என்றார்கள். என் பெரியப்பா மட்டும் வெறுமனே "தண்ணி" என்றார்.

பெரியப்பா என் அப்பாவின் தமையன். இரண்டாம் உலக யுத்தம் நடந்த காலத்தில், மீசை சரியாக அரும்பாத வயதில், வீட்டுக்குச் சொல்லாமல் கொழும்புக்கு ரயிலேறி, வெள்ளைக்காரரின் பட்டாளத்தில் சேர்ந்து, கப்பலில் எகிப்துவரை போனவர். துவக்குப் பிடித்ததைவிட மண்வெட்டி பிடித்ததுதான் கூட என்று அவரே சொல்லுவார். பாலைவனத்தில் ரோட்டுப் போடுவதும் குழி வெட்டுவதும் பீப்பாய் உருட்டுவதும்தான் அவருடைய யுத்தம். அங்கே ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்த தண்ணீர், பெற்றோல் தகரங்களில் வந்தபடியால் பெற்றோலாகவே மணக்குமாம். அவர் திரும்பி வந்து வருடக்கணக்கில் அலைந்த பிறகு, பட்டாளத்தில் சேவை செய்தவர்களுக்கென்று அரசாங்கம் அளந்து கொடுத்த காணிகளில் ஒரு துண்டு அவருக்கும் கிடைத்தது. சண்டைக்குப் போய் வந்தவனுக்கு நிலம் கொடுப்பது அரசர் காலத்திலிருந்து வருகிற வழக்கம். வேறு எவரும் கேட்காத நிலமாகப் பார்த்துக் கொடுப்பதும் அதே அளவுக்குப் பழைய வழக்கமாகத்தான் இருக்கவேண்டும். பெரியப்பாவுக்குக் கிடைத்தது சாவகச்சேரிக்குத் தெற்கே, கடல்நீரேரிக் கரையை ஒட்டிய வெண்மணல் திடல். நாலைந்து வடலிப் பனை, ஈச்சம்பற்றை, நண்டு வளை, ஓயாத காற்று. ஊரில் எல்லோரும் அதைப் "பட்டாளக் காணி" என்றார்கள். பெரியம்மா "உப்புக் காணி" என்றார்.

அந்தத் துண்டின்மேல் அவருக்கிருந்த பிடிப்பு விளங்கவேண்டுமானால் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இங்கே வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். ஓர் ஆண் பிறக்கிற வீடு அவனுடைய தாயின் சீதனம். பிறகு அது அவனுடைய சகோதரியின் சீதனம். கலியாணம் முடித்து அவன் போய்க் குடியிருக்கிற வீடு மனைவியின் சீதனம். பெரியப்பாவும் அப்படித்தான், பிறந்த வீட்டைத் தங்கைக்கு எழுதும்போது பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டி ஒன்றோடு புத்தூரில் பெரியம்மாவின் கல்வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பெரியம்மாவுக்குக் கோபம் வந்தால் (கோபம் அடிக்கடி வரும்) "என்ரை வீட்டிலை இருந்துகொண்டு எனக்கே கதைக்கிறியளோ?" என்று ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பிறகு பெரியப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டாளக் காணிக்குப் போய், அங்கே தான் போட்ட கொட்டிலில் இரண்டு நாள் படுத்து எழும்பிவிட்டு வருவார். "என்ரை பேரிலை இந்த உலகத்திலை இருக்கிறது அந்தத் துண்டு ஒண்டுதான்" என்று அவர் ஒருநாள் என் அப்பாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் பல்லாங்குழி விளையாடிக்கொண்டிருந்தேன். அவருடைய குரல் ஒருமாதிரி உடைந்ததால் அந்த வசனம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

அரசாங்கம் சும்மா கொடுக்கவில்லை. காணியை விற்கக்கூடாது, துண்டாடக்கூடாது என்பவற்றோடு, பெற்றவர் குடும்பத்தோடு அதில் குடியிருந்து பயிர் செய்யவேண்டும் என்றும் ஒரு நிபந்தனை இருந்தது. செய்யாவிட்டால் திருப்பி எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த நிபந்தனையை எழுதியவர் எந்த ஊர்க்காரரோ தெரியாது, யாழ்ப்பாணத்து ஆம்பிளை ஒருவன் தன் காணிக்குக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பெரியம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "என்ரை கல்வீட்டைப் பூட்டிப்போட்டு, தேங்காய்த் தண்ணி மாதிரிக் கிணத்தை விட்டுட்டு, நான் அந்த உப்புக் காத்திலை போய்க் கிடக்கவோ? நல்ல கதை!" அவர் தன் கிணற்றைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. புத்தூரில் அந்த வளவுக் கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு பெயர் இருந்தது. ரோட்டால் போகிறவர்களும் படலையைத் திறந்து ஒரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போவார்கள். கேட்டுக் குடித்தவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் போனால் பெரியம்மாவுக்கு அன்று முழுவதும் முகம் சரியிராது.

நான் மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்த ஓர் ஆவணி விடுமுறையில் காணி இருந்த ஊரின் தலைமைக்காரரான விதானையார் சைக்கிளில் வந்து பெரியப்பா வீட்டுப் படலையடியில் நின்றபடியே சொன்னார்: "வாற வெள்ளிக்கிழமை காணிக் கந்தோர் ஐயா நேரை வாறார். கொட்டில் மட்டும் காட்டிச் சரிவராது, ஆக்கள் இருக்கவேணும். பக்கத்துத் துண்டு போன மாசம் போட்டுது, தெரியுமோ?" பக்கத்துத் துண்டு இன்னொரு பட்டாளக்காரருடையது. அவர் நெல்லியடியில் கடை வைத்துக்கொண்டு, காணிக்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வந்து போனதால் அதை இழந்தவர். விதானையார் போன பிறகு பெரியப்பா நெடுநேரம் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சங்கிலியில் எண்ணெய் வழிந்து நிலத்தில் சொட்டியது.

கடைசியில் பெரியம்மாதான் இறங்கி வந்தார், ஆனால் தன்னுடைய கணக்கில். "ரெண்டு நாளைக்கு வந்து நடிச்சுத் தாறன். மூண்டாம் நாள் என்ரை வீட்டிலை நான் விளக்கு வைக்கோணும், சொல்லிப்போட்டன்." பெரியப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டும்! பட்டாளத்தில் "இன்ஸ்பெக்சன்" என்றால் இல்லாததையும் இருப்பதுபோல அடுக்கிக் காட்டவேண்டும் என்பது அவர் நன்றாகப் படித்து வைத்திருந்த பாடம். அன்றே தொடங்கிவிட்டார். வண்டில் ஒன்று பிடித்து, அதில் பாய், தலையணை, சட்டி, பானை, சுளகு, கடகம், துவைத்துப் போடாத உடுப்புகள், சுவரில் மாட்ட ஒரு பிள்ளையார் படம், கூடையால் மூடிய குஞ்சுக் கோழி, கட்டுக்குள் நிற்காத ஓர் ஆடு எல்லாம் ஏற்றினார். குடும்பம் பெரிதாகத் தெரியவேண்டும் என்று, அவருடைய ஒரே மகளான தேவி அக்காவோடு என்னையும் ஏற்றினார்கள். அக்கா என்னைவிட இரண்டு வயது மூப்பு. பெரியம்மா கடைசியாக, வாயைச் சீலைத் துண்டால் கட்டிய ஒரு பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். உள்ளே அவருடைய கிணற்றுத் தண்ணீர். "அங்கத்தைத் தண்ணியைக் குடிச்சுப் பிள்ளையளுக்கு வயித்தாலை போனால் ஆர் பாக்கிறது?" என்றார். புத்தூரிலிருந்து மீசாலைப் பக்கம் போகும் பாதை தண்ணீரின் நடுவே நீண்டு கிடக்க, வண்டில் ஆடிய ஆட்டத்தில் குடத்திலிருந்து ஒரு துளிகூடச் சிந்தாமல் அவர் பிடித்துக்கொண்டிருந்த விதத்தை நான் பார்த்துக்கொண்டே போனேன்.

அந்த இரண்டு நாள் எங்களுக்குத் திருவிழா. குசினிக் கூரை புதிதாகத் தெரிகிறது என்று பெரியப்பா பன்னாடையையும் ஊமலையும் எரித்துப் புகை பிடிக்கவைத்தார். ஊமல் என்றால் கிழங்கு எடுத்த பிறகு எஞ்சும் பனங்கொட்டை. அதன் புகை கண்ணைப் பிடுங்கும். சாம்பல் கொட்டிய இடம் வேண்டும் என்று புத்தூர் அடுப்புச் சாம்பலையே ஒரு பெட்டியில் கொண்டுவந்திருந்தார். உடுப்புகளைத் தண்ணீரில் நனைத்துக் கொடியில் போட்டோம். எல்லாம் சரியாக வந்த பிறகுதான் அவர் கண்ணில் அது பட்டது: கொட்டிலிலிருந்து கிணற்றடிவரை புல் அப்படியே நின்றது. குடும்பம் இருக்கிற வளவில் கிணற்றுக்குப் போகிற பாதை இல்லாமல் இருக்குமா? உடனே அக்காவையும் என்னையும் கூப்பிட்டு, கொட்டில் வாசலிலிருந்து கிணற்றுக் கட்டுவரை, பிறகு அங்கிருந்து திரும்பி வாசல்வரை, காலை அழுத்தி அழுத்தி நடக்கச் சொன்னார். தானும் முன்னால் நின்று "லெப்ற்! றைற்! லெப்ற்!" என்று கத்தினார். காலையில் தொடங்கி வெயில் ஏறும்வரை நடந்தோம். பின்னேரம் மறுபடி நடந்தோம். சிரிப்பு வந்து விழுந்தால் எழும்பி நடந்தோம். பெரியம்மா குசினி வாசலில் நின்று, "உங்களுக்குத்தான் பைத்தியம் எண்டால் பிள்ளையளையுமே ஆக்கவேணும்?" என்று பேசினார். இருட்டுவதற்குள் புல் மடங்கி, மணல் வெளிறி, மெய்யான பாதை ஒன்று விழுந்திருந்தது. பெரியப்பா அதன் நடுவில் நின்று ஒருமுறை சல்யூட் அடித்தார்.

வெள்ளிக்கிழமை கந்தோர் ஐயா, காணி அலுவலகத்து அதிகாரி, விதானையாரோடு வந்தார். மெலிந்த மனிதர், வெள்ளைக் காற்சட்டை, வெயிலுக்கு ஒரு தொப்பி, அதிகம் பேசாதவர். பெரியப்பா நட்டிருந்த தென்னம்பிள்ளைகளைச் சுற்றிப் பார்த்தார். புகை பிடித்த கூரையை அண்ணாந்து பார்த்தார். கொடியிலிருந்த உடுப்பைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், பாதையில் நின்ற எங்களைப் பார்த்தார். பெரியப்பா ஒவ்வொன்றுக்கும் விறைப்பாக நின்று பதில் சொன்னார். எல்லாம் நல்லபடியாக முடிந்து, ஐயா பைலை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொட்டில் வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்ததும், வந்த மனிதருக்கு முதலில் தண்ணீர் கொடுக்கிற எங்கள் பழக்கப்படி பெரியம்மா மூக்குப்பேணி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். ஐயா அண்ணாந்து ஊற்றிக் குடித்தார். பாதியில் நிறுத்தினார். பேணியை ஒருமுறை பார்த்துவிட்டு மிச்சத்தையும் ஆறுதலாகக் குடித்து முடித்தார்.

"அருமையான தண்ணியம்மா. எந்தக் கிணறு?"

பெரியப்பா வாய் திறப்பதற்குள், விதானையார் இருமுவதற்குள், பெரியம்மாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "எங்கடை புத்தூர் வீட்டுக் கிணறு ஐயா. முந்தாநாள் விடிய வண்டில் ஏற முன்னம் நான்தான் அள்ளினனான். உந்த உவர்த் தண்ணியை வந்த மனிசருக்குக் குடுக்கேலுமே?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. பேணியை வாங்க நீட்டிய கை அப்படியே நின்றது. விதானையார் ஏதோ வடலியைப் புதிதாகக் கண்டவர்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியப்பா நின்ற இடத்தில் அசையாமல் நின்றார், ஆனால் தோள் இரண்டும் இறங்கிவிட்டன. அக்கா பயத்தில் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நொறுங்கியது. ஐயா மட்டும் கோபிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "இந்தக் காணிக் கிணத்துத் தண்ணியிலை கொஞ்சம் தாங்கோ" என்றார். பெரியம்மாவே போய் வாளியை விட்டு அள்ளி வந்து கொடுத்தார். அதையும் அவர் முகம் சுளிக்காமல் முழுவதும் குடித்தார்.

"உவர்தான். ஆனால் இந்தக் கரையிலை இருக்கிற சனம் இதைத்தானே அம்மா குடிக்குது" என்றார். பிறகு பெரியப்பாவைப் பார்த்தார். "நான் இண்டைக்கு ஒண்டும் எழுதேல்லை. மாரி முடிய ஒருக்கால் வருவன். அப்ப இந்தத் தண்ணியிலை எனக்கொரு தேத்தண்ணி தாங்கோ."

அவர்கள் போய்விட்டார்கள். பெரியம்மா அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். நாங்கள் பெரியப்பாவின் கோபத்தை எதிர்பார்த்தோம். காணி போனது போனதுதான் என்றுதான் எங்களுக்கும் தோன்றியது. அவர் வாசலில் குந்தி, நாங்கள் போட்ட பாதையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்பாமலே சொன்னார்: "நீர் அழாதையும். வந்த மனிசனுக்கு நல்ல தண்ணி குடுத்தது ஒரு பிழையே? எகிப்திலை எனக்கு ஆரும் அப்பிடி ஒரு பேணி தந்திருந்தால் நான் காலிலை விழுந்திருப்பன். காணி போனால் போகட்டும்."

"சும்மா இருங்கோ!" என்று பெரியம்மா உள்ளேயிருந்து சீறினார். "போகட்டுமாம். நல்ல வாய்." எழும்பி வந்தார். குடத்தில் எஞ்சியிருந்த புத்தூர்த் தண்ணீரை வாசலிலிருந்த தென்னம்பிள்ளையின் அடியில் ஒரே ஊற்றாக ஊற்றினார். வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதையால் நடந்து கிணற்றடிக்குப் போய், நிரப்பி, அங்கேயே கையில் ஏந்தி ஒரு மிடறு குடித்து, "சீ! கடல்" என்று துப்பினார். பிறகு இன்னொரு மிடறு எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். திரும்பி வரும்போது பெரியப்பாவுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்: "மாரிக்கு முன்னம் கூரையை ஒழுங்காய் மேயுங்கோ. நான் ஒழுக்கிலை கிடக்கமாட்டன்." அது அவருடைய முடிவு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பெரியப்பாவுக்கு விளங்கியது, அவர் எழும்பிக் கொட்டிலுக்குப் பின்பக்கம் போய் வெகுநேரம் வரவில்லை.

புத்தூர் கொதித்தது. சீதன வீட்டைப் பூட்டிப்போட்டு ஒரு பொம்பிளை புருசன் காணிக்குப் போகிறாளாம் என்பது சந்தையில் மரக்கறியோடு சேர்த்து விற்கப்பட்டது. பெரியம்மாவின் தமையன்மார் இருவரும் வந்து, "எங்களுக்கு மரியாதை இல்லையோ?" என்று கேட்டார்கள். "உங்கடை மரியாதை இஞ்சை வீட்டிலைதான் கிடக்கு, திறப்பை வைச்சிருங்கோ" என்று பெரியம்மா சாவியை நீட்டிச் சொல்லிவிட்டு அம்மியையும் குழவியையும் வண்டிலில் ஏற்றினார். அம்மி போகிறதென்றால் ஆள் திரும்பி வரமாட்டாள் என்று பார்த்துக்கொண்டு நின்ற எல்லோருக்கும் தெரியும். பொழுதுபட்டதும் அந்த வீட்டில் விளக்கு வைக்கிற வேலை பக்கத்து வளவிலிருந்த என் அம்மாவிடம் வந்தது. தேவி அக்காவின் பள்ளிக்கூடம் மாறியது.

ஆரம்பத்தில் நாங்கள் பார்க்கப் போகிறபோது அப்பா சைக்கிளில் ஒரு பெரிய போத்தல் நிறையப் புத்தூர்த் தண்ணீர் கட்டிக்கொண்டு போவார். மற்ற வீடுகளுக்குப் பழம் கொண்டுபோவதுபோல அது. பெரியம்மா அதை வாங்கி, மூடியைத் திறந்து மணந்து பார்த்து, அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்துத் தனக்கு மட்டும் ஒரு மிடறு ஒரு மிடறாகக் குடிப்பாராம். அக்கா எனக்குக் காதுக்குள் சொன்னாள். பருப்பு அவியாமல், தலைமயிர் சிக்கெடுக்காமல், கைகாலெல்லாம் வெடித்து, அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை, பெரியப்பாவை ஏசாத நாளும் இல்லை. ஆனால் ஏசுகிறபோது அந்தப் பழைய கேள்வியைக் கேட்க முடியவில்லை, வீடு அவருடையது இல்லை. ஒருநாள் ஏதோ சண்டையில் "என்ரை வீட்டிலை" என்று தொடங்கிவிட்டு நடுவில் நிறுத்தினாராம். பெரியப்பா, "உம்மடை வீடுதான், சொல்லும்" என்றாராம்.

மாரி பெய்து ஓய்ந்து, அங்கேயே பொங்கலும் பொங்கிய பிறகு கந்தோர் ஐயா சொன்னபடி வந்தார். பொங்கல் லீவில் நானும் அங்கே நின்றேன். பெரியம்மா கிணற்றிலிருந்து அவர் கண் முன்னாலேயே அள்ளித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். மழைத் தண்ணீர் இறங்கிக் கிணறு நிறைந்திருந்ததால் உவர் எங்கேயோ அடியில் போய்விட்டது. ஐயா குடித்துவிட்டு, "இப்ப வலு நல்லாயிருக்கே" என்றார். எழுதவேண்டியதை எழுதினார், கையெழுத்து வைத்தார், காணி பெரியப்பாவுக்கு உறுதியானது. பெரியப்பா அவரை ரோட்டுவரை கொண்டுபோய் விட்டார். பெரியம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "உந்த மனிசன் சித்திரையிலை வந்திருக்கவேணும். நான் பட்ட பாடு ஒருத்தருக்கும் தெரியாமல் போச்சுது" என்று அன்று முழுவதும் புறுபுறுத்தார். அன்று மாலை அப்பா கொடுத்த புத்தூர்ப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தவர், முகத்தைச் சுளித்துக்கொண்டு, "என்ன இது, சப்பெண்டு கிடக்கு" என்று எங்களிடம் நீட்டினார்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லோருக்கும் நடந்தவைதான். அந்தக் கொட்டில் கல்வீடாகி, தென்னைகள் காய்த்து, அக்கா அங்கேயே கலியாணம் முடித்து, பெரியப்பா அந்த வீட்டு விறாந்தையிலேயே கண்ணை மூடினார். காணி தனக்குப் பிறகு மகளுக்கு என்று அவர் கந்தோரில் பதிந்து வைத்திருந்தார். தொண்ணூறுகளில் அந்தக் கரை முழுவதும் சனம் போகமுடியாத இராணுவ முகாம் எல்லைக்குள் போயிற்று. பட்டாளத்தாலை வந்த காணியைப் பட்டாளம் எடுத்துக்கொண்டுது என்று ஊரில் ஒரு பகிடி இருந்தது, நாங்களும் சிரித்தோம். பெரியம்மா இடம்பெயர்ந்து உடுப்பிட்டியில் உறவினர் வீட்டில் இருந்தார். அந்த வீட்டில் நல்ல தண்ணீர். குடிக்கக் கொடுக்கும்போதெல்லாம், "இதிலை ஒரு ருசியும் இல்லை" என்று குறை சொல்லிக்கொண்டே அங்கே காலமானார்.

காணி இப்போது விடுவிக்கப்பட்டிருக்கிறது. அக்காவுக்குக் கந்தோரிலிருந்து அழைப்பு வந்து, போன ஆவணியில் நானும் அவளோடு போனேன். நான் நீதிமன்றக் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் என்பதால், இப்படியான அலுவலுக்கு நான் வந்தால் தைரியம் என்று அவள் நினைக்கிறாள். போய்ப் பார்த்தால் வீடு இல்லை, தென்னை ஒன்றும் இல்லை, வேலி எங்கே இருந்ததென்றும் தெரியவில்லை. தட்டையாக மணலும் முட்பற்றையும். நிலத்தோடு நிலமாக உடைந்த கிணற்றுக் கட்டு மட்டும் கிடந்தது. காணி அலுவலராக வந்தது என் பேத்தி வயதில் ஒரு பிள்ளை; மரியாதையாகத்தான் பேசியது. காணி கொடுத்தபோது எழுதிய பெர்மிற்று இருக்கிறதா என்று கேட்டது. இடம்பெயர்ந்ததில் தொலைந்துவிட்டது. கந்தோர்ப் பிரதியும் இல்லையாம், அந்தக் காலத்துப் பைல்கள் எரிந்துவிட்டனவாம்.

"இஞ்சை குடும்பமாய் இருந்ததுக்கு ஏதேனும் அடையாளம் இருக்கோ அம்மா?"

அக்கா கிணற்றைக் காட்டினாள். "எல்லாக் காணியிலையும் கிணறு இருக்குத்தானே அம்மா" என்றது பிள்ளை. அதுவும் சரிதான். அக்கா போய், நாங்கள் வந்த வண்டியிலிருந்த சிறிய வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். "குடியாதேங்கோ அம்மா, கிணறு இறைக்கேல்லை!" என்று பிள்ளை பதறிக்கொண்டு ஓடிவருவதற்குள் கையில் ஏந்தி ஒரு மிடறு விழுங்கிவிட்டாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "ஓம். எங்கடைதான்" என்றாள். எனக்கும் தந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாக்கின் ஓரங்களில் அது எழும்பி வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்க வழியும் இல்லை. பிள்ளை பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் தன்னுடைய பிளாஸ்ரிக் போத்தலைத் திறந்து எங்களுக்கு நீட்டியது.

ஒரு மிடறு தண்ணீரில் வீட்டைக் கண்டுபிடிக்கிற நாக்கு இப்போது எந்தக் கந்தோரிலும் இல்லை. இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. புத்தூர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே குடிக்கவேண்டாம் என்கிறார்கள், உரமெல்லாம் உள்ளே இறங்கிவிட்டதாம், அங்கேயும் போத்தல்தான். நான் அக்காவின் குடும்பம் அந்தக் காணியில் நிரந்தரமாகக் குடியிருந்தது என்று சத்தியக் கடதாசி கொடுத்திருக்கிறேன். வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ சத்தியக் கடதாசிகளை நான் தட்டச்சு அடித்திருக்கிறேன்; என்னுடையதில் இருப்பவை எல்லாம் உண்மை, முதல் இரண்டு நாட்களைப் பற்றி மட்டும் அதில் எழுத இடம் இருக்கவில்லை.

அன்று அந்தப் பிள்ளை புறப்படும்போது, கடதாசி மட்டும் போதாது, மாரி முடிய மேலிடத்திலிருந்து வந்து பார்ப்பார்கள், ஆட்கள் இருந்தால்தான் காணி திரும்பக் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனது. அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சீனி வருத்தம், சாவகச்சேரியில் தன் மகளின் சீதன வீட்டில் இருக்கிறாள். "உந்த மணலுக்கை தனியப் போய் என்ன செய்யப்போறாய்?" என்று கேட்டேன். அவள் கொட்டில் இருந்த இடத்தையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். நடுவில் முழங்கால் அளவுக்குப் புல் நின்றது.

"இதிலை ஒரு பாதை இருந்தது" என்றாள்.

"இருக்கேல்லை. நாங்கள் போட்டது" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாரிக்கு முன்னம் ஒரு கொட்டில் போடவேணும். நீயும் வாவன். நான் ஒராள் எவ்வளவெண்டு நடக்கிறது?" என்றாள்.

எனக்கு இரண்டு முழங்காலிலும் வருத்தம். ஓம் என்றேன்.